மூன்று மெட்டுத் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேசப்பன் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டினார். முறுக்காணியைத் திருப்பியது மகள் சந்திரகலா. "இன்னும் கொஞ்சம்... போதும்" என்று அவர் காதாலேயே அளந்தார். கடைசியாக மாட்டிய மெல்லிய கம்பி பட்டென்று அறுந்தது.

"துருப்புடிச்சத தலைல கட்டிட்டான் கடைக்காரன். வுடு, சனிக்கிழமை பட்டணம் போய் வாங்கியாறேன்."

தேசப்பன் பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் பட்டறையில் பிட்டர். முகூர்த்த நாட்களில் வரதனின் மெல்லிசைக் குழுவில் கிட்டார். கம்பிகளையெல்லாம் ச, ப என்று இரண்டே சுரங்களுக்கு இறக்கி வைத்திருப்பார். வேறு யார் எடுத்தாலும் அது பேசாது.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பாடகர் சோடா குடிக்கும் நேரம்தான் அவருடைய கச்சேரி. மாயாமாளவகௌளை ராகம். கிட்டார் கழுத்தின் மெட்டுக் கட்டைகளில் விரல் ஒரு மெட்டு நகரும். அடுத்து மூன்று மெட்டு தாண்டும். மின்பொறியியலில் டிப்ளமோ முடித்த சந்திரகலாவுக்கு அது பல் உடைந்த சக்கரம் சுற்றுவதுபோலத் தோன்றும். தாண்டும் இடத்தில் அவர் கம்பியைப் பக்கவாட்டில் மெல்ல இழுப்பார். சுரம் எந்தக் கரையிலும் சேராமல் மிதக்கும்.

"நேரா தாவினா இன்னா நைனா?"

"நடுவுல ஏரி கீதேம்மா. படகு மெதுவாத்தான் போவும்."

பந்தியில் இலைமேல் கைகள் நின்றுவிடும். வரதன் பின்னாலிருந்து முணுமுணுப்பார்: "தேசப்பா, பொண்ணு மாப்ள தூங்கிடப் போறாங்க."

கம்பி அறுந்த அந்த வாரம், வெள்ளிக்கிழமை பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை.

காரியம் முடிந்தபின் வரதன் கிட்டாரைக் கேட்டு வந்தார். "புது ஆளு சேர்ந்துக்கிறான் கலா. சுருதிய மாத்தி வெச்சிக்கினா போதும்."

மாற்றினால் திரும்ப வைக்க ஆள் இல்லை. மாற்றாவிட்டாலும் எஃகுக் கம்பி தானாகத் தளரும், அவள் படித்திருக்கிறாள். ஒரு கம்பியை விரலால் தொட்டாள். மற்றவையும் கூடவே முனகின. பழவேற்காட்டில் விடிகிற நேரத்துத் தண்ணீர்போல அறை லேசாக அசைந்தது.

"ஒரு கம்பி இல்ல மாமா."

"நான் வாங்கி மாட்டிக்கிறேன்."

"வாணாம். நைனா வாங்கியாறேன்னு சொல்லிக்கீறாரு."

வரதன் அவளைப் பார்த்தார். வைத்த காபியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து போனார்.

பட்டணத்திலிருந்து வர வேண்டிய அந்த மெல்லிய கம்பி இன்னும் வரவில்லை.