குண்டூசியின் அப்பா

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருந்தவருக்கு வாய் கொஞ்சம் நீளம். லாரி டயரைக் கழற்றிக்கொண்டே உலகக் கதையெல்லாம் பேசுவார். மகள் பேச்சு வந்துவிட்டால் மட்டும் லீவரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் பேசுவார்.

மகள் ஒல்லி. பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் குண்டூசி. ஏழு வயதில் ஒருநாள் அவள் கடை வாசலை மறித்துக் கிடந்த கார் டயரை மார்போடு அணைத்துத் தூக்கி ஓரமாக வைத்தாள். அங்கே நின்ற ஓட்டுநர்கள் கைதட்டினார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்க பரம்பரையிலேயே யாருக்கும் எவனும் கைதட்டினதில்ல" என்று மனைவியிடம் சொன்னார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாளெல்லாம் நின்று கால் வீங்கி வந்திருந்தாள். "டயரைத் தூக்கினதுக்கா? நீங்க தினம் தூக்குறீங்களே, நான் தட்டினேனா?" என்று சிரித்தாள்.

அந்த மாதமே மகளை எடை தூக்கும் பயிற்சியில் சேர்த்தார். சொல்லிக்கொடுத்த மாஸ்டரம்மா ஒரு காலத்தில் போட்டிகளில் தூக்கியவர். சின்னப் பிள்ளைகளை ஓடவிட்டார், தொங்கவிட்டார், உருளவிட்டார். கையில் கொடுத்ததோ வெறும் மரக்கட்டை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பஞ்சர்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"என்னம்மா, வெளக்குமாத்துக் கட்டையவே தூக்கிட்டிருக்காளே?"

"எலும்பு இன்னும் முத்தலங்க. ஒழுங்கா நிக்கவும் குனியவும் கத்துக்கட்டும். எடை எங்கயும் ஓடிடாது."

"வயசு ஓடிடுமே" என்றார் இவர். மறுநாளிலிருந்து அங்கே அனுப்பவில்லை.

வேறொரு மாஸ்டர் கிடைத்தார். கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், முன்பு வண்டிகள் நிறுத்திய இடத்தில் அவருடைய ஜிம். படியிறங்கும்போதே இரும்பு வாடையும் வியர்வை வாடையும் முகத்தில் அடிக்கும். அந்த மாஸ்டர் யாரையும் அதட்டமாட்டார். தலையைத் தடவி, "இன்னும் ஒண்ணே ஒண்ணு, கண்ணு" என்பார். அந்த ஒன்றுக்கு முடிவே கிடையாது. குண்டூசி முதல் நாளே கம்பியைத் தூக்கினாள். கொஞ்ச நாளில் இரண்டு பக்கமும் பிளேட்டுகள் ஏறின. ஒன்பது வயதில் கோப்பை வாங்கினாள். அது கடையில் காற்றடிக்கும் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்தது. வருகிறவன் போகிறவனெல்லாம் அதன் கதையைக் கேட்காமல் தப்ப முடியாது.

அடுத்த போட்டிக்கு எடைப்பிரிவு தாண்டக்கூடாது என்று மாஸ்டர் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார். தாய்க்கு அதுவே பிடிக்கவில்லை. பிறகு இன்னொன்றைக் கவனித்தாள். மகள் குனிந்து ஷூ போடுவதில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு காலை உள்ளே திணித்தாள்.

"ஏங்க, புள்ள குனியவே மாட்டேங்குறா. முதுகு வலிக்கு மாத்திரை வாங்க வர்ற பெரியவங்க மாதிரி நடக்குறா."

"உடம்பு இறுகும்போது அப்படித்தான் இருக்கும்னு மாஸ்டர் சொன்னார். நீ புள்ளையைப் பயமுறுத்தாதே."

தினமும் சாயங்காலம் அவரே அவள் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். பாசமாகத்தான் தேய்த்தார். தாய் ஒருநாள் கதவைச் சாத்தி, போகக்கூடாது என்று தடுத்தாள். அழுது புரண்டது குண்டூசிதான். பள்ளிக்கூடத்தில் அவள் கேலிப்பொருள். அந்தப் படிக்குக் கீழே அவள் ராணி. தாய் கதவைத் திறந்துவிட்டாள்.

போட்டி ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ வேண்டும். குண்டூசி உட்கார்ந்தாள். எழவில்லை. பக்கத்தில் நின்ற இருவர் கம்பியைத் தூக்கி எடுத்த பிறகும் அவள் அப்படியே கிடந்தாள். பஞ்சர்காரர் மேடைக்கு ஓடினார்.

"காலு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

மருத்துவமனையில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் இரண்டு பக்கமும் விரிசல். எலும்பு முன்னால் நகர்ந்து நரம்பை நெருக்கியிருந்தது.

"இது இன்னைக்கு வந்த விரிசல் இல்ல. ரொம்ப நாளா வலிச்சிருக்கும். சொல்லலையா?"

"இல்லையே டாக்டர், சொல்லவே இல்லையே."

படுத்திருந்தபடியே மகள் திரும்பிப் பார்த்தாள். "சொன்னேனேப்பா. நீங்க தைலம் தேச்சீங்க."

தாய் அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அன்றைக்கு நின்ற பேச்சு பிறகு சரியாகத் திரும்பவேயில்லை. சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க, அவ்வளவுதான்.

முதுகில் திருகாணி வைத்துத் தைத்தார்கள். காலில் உணர்வு திரும்பியது, முழுதாக அல்ல. இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

அவள் கட்டிலில் கிடந்த நாட்களில் பஞ்சர்காரர் ஆத்திரம் தாங்காமல் ஜிம்முக்குப் போனார். மாஸ்டரின் சட்டையைப் பிடித்தார். மாஸ்டர் குரலை உயர்த்தவே இல்லை.

"இத்தனை புள்ளைங்க தூக்குதுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. உங்க பொண்ணுக்கு எலும்பு வீக்கு. நான் என்ன பண்ண?"

பஞ்சர்காரர் சுற்றி நின்ற தகப்பன்மாரிடம் திரும்பினார். "நீங்களாவது உங்க புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

அவருடைய கடையில் காற்றடிக்கும் ஆட்டோக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "அண்ணே, உங்க கஷ்டம் புரியுது. போட்டி நேரத்துல எங்க புள்ளைங்க மனசைக் கலைக்காதீங்க. கொஞ்சம் வழி விடுங்க."

எட்டு வயதுகூட நிரம்பாத பெண் ஒருத்தி இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். அவர் வழிவிட்டார்.

அதற்குப் பிறகும் விடவில்லை. கடையை அடைத்துவிட்டு அந்தப் படிக்கட்டு வாசலில் போய் நிற்பார். பிள்ளையோடு வருகிறவர்களிடம் மகள் கதையைச் சொல்லுவார். சிலர் பொறாமை என்றார்கள், சிலர் மூளை குழம்பிவிட்டது என்றார்கள். ஒரே ஒரு பெண்மணி மட்டும் முழுதாகக் கேட்டுவிட்டு, மகனைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவர் வீட்டில் இரண்டு வாய் சேர்த்துச் சாப்பிட்டார்.

விஷயம் குண்டூசியின் காதுக்குப் போயிற்று.

"அங்க போகாதீங்கப்பா. என் கூட்டாளிங்கல்லாம் அங்கதான் இருக்காங்க. நொண்டியாயிட்டேன்னு அவங்க கிட்ட ஏன் சொல்றீங்க?"

"உன் நல்லதுக்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். இதே வார்த்தையைச் சொல்லித்தான் அவளை அங்கே கூட்டிப்போயிருந்தார்.

மறுநாள் அவர் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. குண்டூசி இப்போது மேல்வகுப்பில் படிக்கிறாள். வெகுநேரம் உட்கார முடியாததால் பாதிப் பாடத்தை நின்றுகொண்டே எழுதுகிறாள். பஞ்சர்காரர் லாரி டயர்களைக் கழற்றி மாட்டுகிறார். ஓட்டுநர்கள் பேச்சுக்கொடுத்தால் ஆமாம், இல்லை என்பதோடு சரி.