கட்டாத வடம்

நான் சொன்ன பொய்களிலேயே படுமட்டமான பொய்யை மாமனார் வீட்டில், வாயில் பணியாரத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். யுத்த காலம். கல்யாணமாகி வந்த முதல் ஐப்பசி. சேலத்து ஜவுளிக்கடையில் நாலு நாள் லீவு வாங்கி, நானும் மனைவியும் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் இருமிக்கொண்டே சேந்தமங்கலம் வந்து, அங்கிருந்து வண்டி கட்டி அவள் பிறந்த தோட்டத்துக்குப் போயிருந்தோம். மழை விட்டு நல்ல வெயில். சோளக்காட்டுக்கு அப்பால் கொல்லிமலை கழுவித் துடைத்த மாதிரி நின்றது. தின்பதும் தூங்குவதும்தான் வேலை. சாயங்காலப் பலகாரத்தின்போது மைத்துனன் அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை சுகமாகத்தான் இருந்தது.

"ஏனுங் மாப்ள, நீச்ச தெரியுமுங்களா?"

தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தப் பக்கம் ஐந்து வயசுக் குழந்தைகூட முதுகில் காய்ந்த சுரைக்காயைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கும். சுரைப்புரடை என்பார்கள். அதைக் கட்டிக்கொண்டு, சேலத்து மாப்பிள்ளை அந்தப் பொடிசுகளோடு மிதப்பதா? "காவிரியில் எதிர்நீச்சல் போட்டவன் நான்" என்றேன்.

மாமனார் மீசைக்குள் சிரித்தார். "அப்பறம் என்னுங்க? நாளைக்கு எண்ணெ தேச்சு நம்ம கெணத்துல ஒரு குதி குதிச்சுப்போடுங்க."

காலையில் தலையில் எண்ணெய் வைக்கும்போது மனைவி காதருகே கேட்டாள். "நெசமாலுமே தெரியுமுங்களா? இல்லீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. நான் எதாச்சும் சாக்குச் சொல்றனுங்க."

"என்னைப் பொய்யன்ங்கிறியா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் கை நின்றது. பிறகு எண்ணெயை அழுத்தித் தேய்த்தாள். நீச்சல் தெரியாது என்பதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் நான் ஒரு யோசனை வைத்திருந்தேன். அந்தக் கிணற்றில் மாடு பூட்டி இறைக்கும் கவலை உண்டு. தண்ணீர் மொள்ளும் சால் ஓட்டையாகி, அதைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பியிருந்ததால், உருளையிலிருந்து வடக்கயிறு மட்டும் தண்ணீர்வரை தொங்கியது. முந்தின நாள் பண்ணையாள் அதைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று இறங்கிப் போனதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். நானும் குதித்த கையோடு வடத்தைப் பிடித்துக்கொள்வது, நாலு உதை உதைப்பது, படியேறி வந்துவிடுவது. மானம் பிழைத்துவிடும்.

கிணற்று மேட்டில் மாமனாரும் மைத்துனனும் நின்றார்கள். மனைவி தலைக்குத் தேய்க்கும் அரப்புக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். ஐப்பசித் தண்ணீர் பாதிக் கிணறுவரை ஏறி, கறுத்துக் கிடந்தது. குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு குதித்தேன்.

முங்கி எழுந்ததும் வடம் கையில் கிடைத்தது. அப்பாடா என்று முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். மேலே உருளை கடகடவென்று ஓடியது. வடம் மொத்தமும் என் தலைமேல் வந்து விழுந்தது. அதன் மறுமுனையை நுகத்தடியில் கட்டுவார்கள். நேற்றுப் பண்ணையாள் இறங்கியபோது மாடுகளை இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. இன்று கொட்டகையில் நின்று சோளத்தட்டு தின்றுகொண்டிருந்தன. இந்தச் சின்ன விஷயம் துணி கிழிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

மூக்கிலும் வாயிலும் தண்ணீர். "மாப்ள வித்தை காட்டறாருங்கப்பா!" என்று மைத்துனன் சிரித்தது கேட்டது. செத்தேன் என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் தொப்பென்று ஏதோ விழுந்தது. என் குடுமியைப் பிடித்துப் படிக்கு இழுத்துப் போட்டவள் என் மனைவி, கட்டிய சேலையோடு.

எல்லோரும் ஓடிவந்தார்கள். நான் பேசுவதற்குள் அவளே முந்திக்கொண்டாள். "வடம் மேல உழுந்து கால்ல சுத்திக்கிச்சுங்கப்பா. இல்லாட்டி அவரே ஏறிருப்பாருங்க."

என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள், பாவம். நானோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "வடத்தை எவன் கட்டாமல் விட்டது?" என்று கத்தினேன்.

மாமனார் பண்ணையாளைக் கூப்பிட்டார். என் வயசுதான் இருக்கும் அவனுக்கு. மாடு பூட்டாதபோது வடத்தை யாரும் எதிலும் கட்டுவதில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மாமனார்தான் என்ன செய்வார்? மாப்பிள்ளை கேட்டுவிட்டானே. பண்ணையாள் கையைக் கட்டிக்கொண்டு, "மறந்துட்டனுங்க சாமி" என்றான். மாமனார் சாட்டையை எடுத்தார். மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு என்றது அந்தப் பார்வை. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

சாட்டை அவன் முழங்கையில் விழுந்தது. இரண்டாவது முறை ஓங்கும்போதுதான் கத்தினேன்: "எனக்கு நீச்சல் தெரியாது!"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மாமனார் சாட்டையைக் கீழே போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். மனைவி அரப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.

மறுநாள் நானாகவே கிணற்றுக்குப் போய், சுரைப்புரடை வேண்டும் என்று கேட்டேன். அதை என் முதுகில் வைத்துக் கட்டிவிட்டவன் அந்தப் பண்ணையாள்தான். கயிற்றை முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டபோது, முழங்கையில் தடித்துச் சிவந்திருந்த கோடு என் கண்ணுக்கு நேரே இருந்தது.

"இறுக்கிப்போட்டனுங்களா சாமி?" என்று கேட்டான். "வலிக்குதுங்களா?"