பழைய வேலையைத் திட்டாத மேசன்

உலக யுத்தத்தில் குண்டு விழுமென்று பயந்து கொழும்பை விட்டு ஓடியவர்களின் வீடுகள் கொட்டாஞ்சேனையில் அடிமாட்டு விலைக்குக் கிடந்தன. வாங்கித் திருத்தி வாடகைக்கு விட நினைத்தவர்களுக்கு, கட்டட வேலை தெரிந்த ஒரு மேசன் பாஸையும் வைத்துக்கொண்டு, திருத்த எவ்வளவு காசு முடியுமென்று மதிப்புப் போட்டுக் கொடுப்பேன். பகலில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் அரசாங்க ஓவசியர், மாலையில் இந்த வேலை. மேசன்மாரை நான் நம்புவதேயில்லை. மரியாதையாகப் பேசும் மேசனென்றால் இரண்டு மடங்கு சந்தேகம்.

வெள்ளவத்தையிலிருந்து பென்சன் எடுத்த கிளாக்கர் ஒருவர் வந்தார். மனைவியின் நகையையும் விற்று, இரண்டு பெண்களின் சீதனத்துக்கென்று ஒரு வீடு வாங்கத் துடித்தார். அந்தக் காசு போனால் அவரிடம் வேறொன்றுமில்லை. பாஸை அவரே பிடித்து வைத்திருந்தார். வார்த்தைக்கு வார்த்தை 'ஐயா' போடுகிற ஆள். எனக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை.

மேசன் ஒருவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், முன்னால் வேலை செய்தவனைத் திட்டாமல் இருக்கமாட்டான். கிளாக்கர் பார்த்து வைத்திருந்த வீட்டுக்குள் போனதும் இவனும் திட்டினான்.

"எந்த மடையன் இந்த ஓடு போட்டவன்?" என்றான். நிலத்தைப் பார்த்து, "இதுக்குக் கூலியும் வாங்கியிருப்பான், மானங்கெட்டவன்" என்றான். பின்னறைச் சுவருக்கு வந்ததும் குரல் இறங்கியது.

"இது பரவாயில்லை ஐயா. வெள்ளை அடிச்சாச் சரி."

எனக்குச் சுருக்கென்றது. ஏன் இதை மட்டும் திட்டவில்லை? சாவியால் தட்டினேன்; உள்ளே பொள்ளலாய்ச் சத்தம் கேட்டது. பேனாக்கத்தியால் சுரண்டினேன். பூச்சு பொலபொலவென்று கொட்டியது. மேலிருந்து கீழ்வரை விரல் நுழையுமளவு வெடிப்பு.

"இது உம்மட வேலைதானே?"

"ஓம் ஐயா. விக்கிறவர் பூசச் சொன்னவர், பூசினன்."

முகத்தில் ஒரு சலனமுமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே போய், முற்றத்தில் நின்ற கிளாக்கரிடம் சொன்னேன்.

"சுவரை இடிச்சுத்தான் கட்டவேணும், அண்ணை. இப்ப சீமெந்தும் எடுக்கேலாது. பிள்ளையளின்ர காசை இதுக்குள்ள போடாதேங்கோ."

அவர் குடையை மதிலில் சாய்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நல்லகாலம் தம்பி, தப்பினன். உம்மைக் கூப்பிடச் சொன்னதே இந்த பாஸ்தான். மேசன்மாருக்குள்ள உமக்கு நல்ல பேராம். 'மற்ற ஓவசியர்மார் கரைச்சல், இவர் நாங்கள் சொன்னதுக்கு ஓம் எண்டுவார்' எண்டவன்."

அதுவரை நான் மதிப்புப் போட்டுக் கொடுத்த வீடுகளின் சுவர்களெல்லாம் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்து நின்றன.