வைக்கோல் அடைத்த சில்லு

‘அக்காவின் சைக்கிள் பின்சில்லின் டியூப் வெடித்தது’ என்கிறது 1991 ஆனி மாதத்து என் நாட்குறிப்பு. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் புது டியூப் கிடைக்காத காலம். இரண்டு பனையோலைக் கடகம் நிறையப் பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம். அன்றே விற்காவிட்டால் அழுகிவிடும். அக்கா டயருக்குள் வைக்கோலை இறுக்கி அடைத்து, கடகங்களைச் சைக்கிளில் கட்டிச் சாவகச்சேரிச் சந்தைக்கு மிதித்தார். நான் என் சைக்கிளில் பின்னால் போனேன்.

சந்தை வாசலில் மாட்டுவண்டியோடு நின்ற வாழைக்குலை வியாபாரி, டயர் விளிம்பில் நீட்டிய வைக்கோலைப் பார்த்துச் சிரித்தார். “என்ன பிள்ளை, சைக்கிளும் வைக்கோல் தின்னுதோ?”

“ஓம் அண்ணை,” என்றார் அக்கா. “திண்டுபோட்டு உங்கடை மாட்டைவிட வேகமா ஓடுது!”

பத்து மணிக்குள் இரண்டு கடகமும் வெறுமையாகின. அடுத்த வாரம் அந்த வியாபாரியே வைக்கோல் அடைத்த சில்லோடு சைக்கிளில் வந்தார்.

தென்மராட்சிப் பகுதியில் இதை முதலில் செய்தது தான்தான் என்கிறார் அக்கா. கொடிகாமத்தில் ஒருவர் முந்திவிட்டதாகவும் கேள்வி. எது சரியென்று இன்னும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.