தட்டுச் சத்தத்துக்கு அசையாத குட்டி

1994 பொங்கல் கழிந்த வாரம், தச்சநல்லூரில் ஒரு நாய் வியாபாரியைச் சந்தித்தேன். ஒடிசலான ஆள்; பேசும்போதெல்லாம் கையிலிருக்கும் குட்டியின் காதை வருடிக்கொண்டே இருப்பார். வீட்டில் சிறுபிள்ளைகள், பொறுமையான இனமாக வேண்டும் என்றேன். வெள்ளைவெளேரென்ற ராஜபாளையம் குட்டி ஒன்றை இறக்கிவிட்டு, அதன் பின்னால் நின்று ஒரு தகரத் தட்டை ஓங்கித் தட்டினார். அது திரும்பவே இல்லை.

“பாத்தீரா அண்ணாச்சி! வெடி போட்டாலும் அசையாது. பிள்ளையளுக்குன்னே பொறந்தது.”

நம்பி வாங்கி வந்தேன். ஆடியில், தூங்கிக்கொண்டிருந்த நாயை என் மூன்று வயது மகள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அது திடுக்கிட்டு அவள் கன்னத்தைக் கடித்துவிட்டது. அதற்குப் பிறவியிலேயே காது கேட்காது என்றார் கால்நடை மருத்துவர்.

வியாபாரியிடம் போனேன். “செவிட்டு நாயை ஏன் வே என் தலையில கட்டினீரு?”

“பொறுமையான நாய்தான கேட்டீரு? காது கேக்குத எவன் அண்ணாச்சி பொறுமையா இருக்கான்?”

அதன்பின், மகள் எதையாவது கேட்டு அழும்போது அவளிடம் ‘பொறுமையாக இரு’ என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.