மஞ்சள் தடவிய ஆஸ்பத்திரி கார்டு

எங்கள் சொந்தத்தில் யார் செத்தாலும் முதலில் திட்டு வாங்குவது நாங்கள் குடியிருந்த ஜீவனஹள்ளியின் தபால்காரர்தான். கறுப்புக் கரை போட்ட கார்டை அம்மா வாசலைத் தாண்ட விடமாட்டாள். நின்ற இடத்திலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகுவாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அப்படி ஒரு கார்டு வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் படிக்கும் வேலையும் மிச்சம். கிழித்தாள், தலைமுழுகினாள். செத்தது யார் என்று தெரியாததால் அழுகையை மட்டும் ஒத்திவைத்தாள். பக்கத்து வீடுகளிலும் அன்று இதே கூத்துதான்.

சாயங்காலம் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, அல்சூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. விஷயத்தைக் கேட்டுச் சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

"ஐயோ அண்ணி, யாரும் சாவல. கர்ப்பப்பை வாயில புத்துநோய் இருக்கான்னு பாக்க எங்க ஆஸ்பத்திரிலதான் வரச் சொல்லி அனுப்பிச்சாங்க. உங்க பேரெல்லாம் நான்தான் குடுத்தேன். பார்டர் எடுப்பா இருக்கட்டும்னு கறுப்புல அடிச்சுட்டாங்க."

"நல்லா இருக்கிறவள நோயாளி ஆக்காதே. எனக்கு வெக்கமா இருக்கு, நான் வரல" என்றாள் அம்மா.

அத்தை விடுகிற ஆளா? மிச்சமிருந்த கார்டுகளை வாங்கி வந்து, கறுப்பு தெரியாதபடி சுற்றிலும் மஞ்சளை அப்பினாள். தட்டில் குங்குமம், வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தாள். எங்கள் வீட்டுக்கும் முறைப்படி வந்தாள்.

"குடும்பத்தோட வேணாம் அண்ணி. நீங்க மட்டும் வந்தா போதும்."

நாத்தனார் மஞ்சள் வைத்து அழைத்த பிறகு போகாமல் இருக்க முடியுமா? அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். என்னை விட்டுவிட்டுப் போனதற்கு நான் அழுது தீர்த்தேன். திரும்பி வந்தவர்கள் கையில் ஒரு லட்டுகூட இல்லை.

கொஞ்ச நாளில் அம்மாவை மட்டும் மறுபடி கூப்பிட்டார்கள். ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, சின்ன ஆபரேஷன் போதும் என்றார்களாம். சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வாடிய முகத்தோடு வந்த அம்மா, வந்ததும் எனக்குத் தலைபின்னி விட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அம்மா இல்லாத வீடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அன்று அத்தைதான் சமையல். அவளை "வாயாடி" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டறியாத அப்பா, அடுக்களை வாசலில் போய் நின்று, தங்கையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"போண்ணா, சாம்பார் அடிபிடிக்குது" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா ஏதோ தப்புச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். என்ன தப்பு என்று ஓடிப்போய் அம்மாவிடம் கேட்கவும் கேட்டேன்.