திருப்பிக் கூட்டிவரும் பட்டன்

திருச்செங்கோட்டில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, கணினியில் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தேன். வில், வேல், குதிரை என எந்தப் படையையும் எதனோடும் சேர்த்து, இஷ்டப்படி சண்டை போடலாம். ஆடுகிறவருக்கு எல்லாச் சுதந்திரமும் கொடுத்துவிட்டதாக எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

கீழ்வீட்டில் குடியிருந்த முருகேசன் போர்வெல் வண்டியில் வேலை செய்பவர். விடுப்பில் வந்திருந்தவரை ஆடிப் பார்க்கச் சொன்னேன். கோட்டை வாசலில் அவருடைய படை சரியத் தொடங்கியது.

"ஏனுங்க அக்கா, ஆளுகளைத் திருப்பிக் கூட்டியார எந்தப் பட்டனுங்க?"

"அப்படி எதுவும் இல்லை. கடைசி ஆள் வரைக்கும் சண்டைதான்" என்றேன்.

"குழிக்குள்ள மண்ணு சரிஞ்சா நாங்க உடனே துளை போடுற ராடை மேல தூக்கிருவோமுங்க. இன்னும் பத்தடின்னு வீம்பு பண்ணுனா எல்லாமே உள்ள மாட்டிக்குமுங்க."

மறுவாரம் அந்தப் பட்டனைச் சேர்த்தேன். மறுபடி ஆடியவர் பாதியிலேயே படையைத் திருப்பினார். திரையில் 'தோல்வி' என்று வந்தது. அவர் முகத்தில் வருத்தமே இல்லை.

"கோட்டை போனா போகுதுங்க. எத்தனை பேரு திரும்பி வந்தாங்கன்னு காட்டாதுங்களா?"

காட்டாது. எதிரியைக் கொன்றதற்குப் புள்ளி வைத்திருந்தேன். செத்தவர்களையும் எண்ணியிருந்தேன். உயிரோடு திரும்பியவர்களை எண்ண, இரண்டு வருட உழைப்பில் நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.